சொராரிட்டித் தேர்வுச் சுற்றும் வேதியியல் ஆய்வகமும்

அமெரிக்காவில் சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்களில் சேர, நாள்கணக்கில் நீளும் தேர்வுச் சுற்றுகள் உண்டு. பல வளாகங்களில் வகுப்புகள் தொடங்குமுன்பே இது முடிந்துவிடும். எங்கள் வளாகத்தில் ஜனவரியில். வேதியியல் ஆய்வகமும் அப்போதுதான் ஆரம்பம்.

முதல் சுற்றுதான் ஆளைச் சக்கையாகப் பிழிந்துவிடும். ஒவ்வொரு சங்கத்தின் வீடாகப் போய்ச் சிரித்துப் பேசி, குளிரில் அடுத்த வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். "எந்த ஊர்? என்ன படிப்பு?" என்ற அதே கேள்விகள், அதே பதில்கள். மாலைக்குள் தொண்டை கட்டிவிடும். அதன்பின் புத்தகத்தைத் திறந்து பயனில்லை என்று தெரிந்ததும் படிப்பை விடியற்காலைக்கு மாற்றினேன். ஆய்வக அறிக்கையை வார இறுதிச் சுற்றுக்கு முன்பே, வியாழக்கிழமையே எழுதி முடித்தேன்.

ஆய்வக நேரத்தோடு மோதிய சுற்றுக்கு வழிகாட்டி மாணவிதான் கைகொடுத்தாள். 'ரோ காமா' எனப்படும் இவர்கள், தேர்வு முடியும்வரை தங்கள் சங்கத்திலிருந்து விலகி நின்று புதியவர்களுக்கு உதவுபவர்கள். என் பாட அட்டவணையை முன்கூட்டியே அனுப்பினேன். என்னை வேறு நேரக் குழுவுக்கு மாற்றிவிட்டாள். எங்கள் வளாகத்தில் வகுப்புக்காக வராமல் போனால் அதைக் குறையாக எண்ணுவதில்லை. இதைக் கேட்கத் தயங்கிப் பாதியில் விலகியவர்கள்தான் பாவம்.

கடைசி நாளில் மட்டும் வேறு வேலை வைக்காதீர்கள். எந்தச் சங்கம் வேண்டும் என்ற விருப்ப வரிசையை அன்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன்படி வரும் அழைப்பை மறுத்தால், அந்த வளாகத்தில் வேறு சொராரிட்டியில் சேர அடுத்த ஆண்டுத் தேர்வுவரை காத்திருக்க வேண்டும்.