உப்புக் காற்றில் இருக்கும் வீட்டு பிரிண்டர்: எரர் வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிள்ளைகளுக்கும் அந்தச் சமயத்தில்தான் கோடை விடுமுறை. வீட்டு மூலையில் இருக்கும் பிரிண்டரை அந்த இரண்டு மாதமும் யாரும் தொடுவதில்லை. ஜூனில் பள்ளி திறந்து, புராஜெக்ட், விண்ணப்பம், ஆதார் நகல் என்று அவசரம் வரும்போது பார்த்தால் சிவப்பு லைட் சிமிட்டிக்கொண்டிருக்கும். பாம்பனில் எங்கள் தெருவில் அந்த வாரம் முழுக்க யாராவது கதவைத் தட்டுவார்கள். "அக்கா, எரர் காட்டுது, பேப்பர இழுக்க மாட்டேங்குது. கடைல குடுத்துரவா?"

கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை நாமே பார்த்துவிடலாம் என்பேன். நான் திறந்து பார்த்தவற்றில் பாகம் உடைந்துபோனவை மிகக் குறைவு. உப்பு படிந்திருக்கும், மணல் ஏறியிருக்கும், இங்க் காய்ந்திருக்கும், தாள் ஈரம் குடித்திருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பி, தனிப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்யவைத்த காற்று இது. சுத்தம் செய்யாமல் புதுப் பாகம் வாங்கினால் அதுவும் இதே காற்றில்தான் இருக்கப் போகிறது.

முதலில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று, நூல் பிரியாத பழைய பருத்தித் துணி, ஒரு டார்ச், பிறகு பேட்டரி தண்ணீர். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துக் கிணறுகளிலும் போரிலும் பெரும்பாலும் வருவது உப்புத் தண்ணீர். அதைத் தொட்டுத் துடைத்தால் காய்ந்த பிறகு உப்பு அங்கேயே தங்கும். அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, இங்க் கார்ட்ரிட்ஜின் முதுகில் உள்ள செம்புப் புள்ளிகளில் களிம்பு ஏற்றிவிடும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும் பேட்டரி தண்ணீரில் உப்பே கிடையாது. ஒரு பாட்டில் வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

எதையும் திறப்பதற்கு முன் கரண்ட்டைச் சரிபாருங்கள்

பிரிண்டரை அதன் பட்டனிலேயே அணையுங்கள். சத்தம் முழுதாக அடங்கிய பிறகு பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள். பிளக்கின் பித்தளைக் காலில் பச்சையாகக் களிம்பு தெரிந்தால் உலர்ந்த துணியால் தேய்த்து எடுங்கள். யூஎஸ்பி கேபிளின் முனையையும் பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் போடுங்கள். சில எரர்கள் இதோடு போய்விடும்.

போகவில்லையா? என்ன எரர் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த லைட், எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதை செல்போனில் வீடியோவாக எடுத்துவைப்பது இன்னும் நல்லது. இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனியின் எண்ணுக்கு இன்னொரு கம்பெனியில் வேறு அர்த்தம். கேனான் வீட்டு மாடல்கள் பலவற்றில் ஈ03 என்றால் தாள் சிக்கியிருக்கிறது. ஹெச்பி டெஸ்க்ஜெட் பலவற்றில் ஈ3 என்றால் கார்ட்ரிட்ஜைச் சுமந்து ஓடும் வண்டி சிக்கியிருக்கிறது. தாளுக்கு அங்கே ஈ4. பக்கத்து வீட்டில் செய்ததை அப்படியே நாமும் செய்து பாகத்தை உடைப்பது இதனால்தான் நடக்கிறது. மாடல் எண்ணோடு சேர்த்துத் தேடுங்கள்.

தாள் சிக்கினால், தாளை எடுக்காவிட்டால்

சிக்கிய தாளைத் தாள் ஓடும் திசையிலேயே, இரண்டு கையாலும் மெதுவாக இழுக்க வேண்டும். பின்பக்கம் கழற்றும் மூடி இருந்தால் அதைத் திறந்து அந்த வழியாக எடுப்பது பத்திரம். வெளியே வந்த தாளை விரித்து, நான்கு மூலையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை குறைந்தால் அந்தத் துண்டு உள்ளேதான் இருக்கிறது. டார்ச் அடித்துத் தேடுங்கள். நகச் சைஸ் துண்டு சென்சாரை மறைத்தாலே போதும், தாள் இல்லாமலேயே ஜாம் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

மேலே வாய் திறந்தபடி இருக்கும் பின்பக்க ட்ரே மாடல்களில் ஆடிக் காற்றில் மணல் நேராக உள்ளே இறங்கும். தாளை இழுக்கும் ரப்பர் ரோலரில் அந்த மணலும் தாள் தூசியும் ஒட்டிக்கொண்டால் ரோலர் சும்மா சுழலும், தாள் நகராது. பருத்தித் துணியைப் பேட்டரி தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ரோலரைக் கையால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். சுற்ற வரவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். எட்டும் பக்கத்தை மட்டும் துடைத்தால் போதும். காய்ந்த பிறகு தாள் வையுங்கள்.

இரண்டு மூன்று தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து போனால் குற்றம் தாளில். வாடைக் காற்று மழையோடு அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இது அதிகம். கட்டைப் பிரித்ததும் மீதியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடுங்கள். ட்ரேயில் இருபது தாளுக்கு மேல் வைக்காதீர்கள். வைக்கும்போது சீட்டுக்கட்டு போல விசிறிவிட்டு வையுங்கள்.

வண்டி ஒரு பக்கமாக இடித்து நின்றால்

கடற்கரை வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், பலரும் பயந்து கைவிடுவதும் இதைத்தான். பிரிண்டரைப் போட்டதும் வண்டி வேகமாக ஓடி ஓரத்தில் 'டக்' என்று மோதும், உடனே எரர். கேனானில் இது 5100, சின்னத் திரை உள்ள மாடல்களில் பி02. மோட்டார் போய்விட்டது என்று சொல்வார்கள். பல சமயம் மோட்டார் நன்றாகவே இருக்கும்.

மூடியைத் திறந்தால், வண்டிக்குப் பின்னால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பூணூல் போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஓடுவது தெரியும். அதன் பெயர் என்கோடர் பட்டை. அதில் கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் கோடுகள் இருக்கின்றன. வண்டியில் உள்ள ஒளி சென்சார் அந்தக் கோடுகளை எண்ணித்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. உப்பு ஈரமோ கிரீஸோ படிந்து ஒரு விரற்கடை மறைந்தாலும் கணக்குத் தப்பும். வண்டி ஓரம் தெரியாமல் போய் மோதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். கண்ணாடி துடைக்கும் துணியின் ஒரு மூலையைப் பேட்டரி தண்ணீரில் தொட்டு, பட்டையை இரண்டு விரலுக்கு நடுவே இடுக்கி, ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு ஒரே திசையில் துடையுங்கள். பிறகு உலர்ந்த மூலையால் ஒருமுறை. ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. கோடுகள் அழிந்தால் அந்தப் பட்டை பயன்படாது. கொக்கியிலிருந்து கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்த துணியில் கறுப்பு ஏறியிருந்தால் நோய் இதுதான் என்று நம்பலாம்.

அப்படியே வண்டி ஓடும் தண்டில் முடி, மணல், துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி ஓரத்தில் பூட்டிக்கொண்டு நகரவில்லை என்றால் தள்ளாதீர்கள். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதையும் விட வேண்டாம். அது சொட்டுச் சொட்டாகப் பட்டையில் தெறித்து மறுபடி அதே எரரைத்தான் கொண்டுவரும்.

கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை என்றால்

கார்ட்ரிட்ஜ் மாடல்களில் அதன் முதுகில் செம்புப் புள்ளிகள் இருக்கும். வண்டிக்குள்ளும் அதற்கு எதிரே இருக்கும். இரண்டையும் லேசாக ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காயவிட்டுப் பூட்டுங்கள். விரலால் தொடாதீர்கள், நம் வியர்வையிலும் உப்புதான். இங்க் டேங்க் மாடல்களில் எப்சன் போன்றவற்றின் ஹெட், அதாவது தாளில் இங்க் தெளிக்கும் பாகம், பிரிண்டரோடு பொருத்தியிருக்கும். அதைக் கழற்ற முயல வேண்டாம்.

கோடு கோடாக அடித்தால், ஒரு நிறம் காணாமல் போனால்

முதலில் ஹெட்டில் இங்க் வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாசில் செக் பக்கத்தை அடித்துப் பாருங்கள். கட்டத்தில் இடைவெளி இருந்தால் ஹெட் கிளீனிங் ஒருமுறை, மறுபடி நாசில் செக். மூன்று தடவைக்கு மேல் தொடராதீர்கள். பட்டனில் அணைத்துவிட்டு குறைந்தது 12 மணி நேரம் விடுங்கள். காய்ந்த இங்க் ஊறி இளகுவதற்கு அந்த நேரம் வேண்டும். மறுநாள் காலையில் தானாகவே பாதி சரியாகியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொறுமை இல்லாமல் பத்துத் தடவை கிளீனிங் கொடுத்தால், வாங்கிய இங்க் எல்லாம் அடியில் இருக்கும் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகும். பவர் கிளீனிங் என்று ஒன்று சில டேங்க் மாடல்களில் உண்டு. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கில் மூன்றில் ஒரு பங்காவது இங்க் இருந்தால்தான் அதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் காற்று ஏறும்.

அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதும் அடைப்புக்கு ஒரு காரணம். ஹெட் தன் ரப்பர் மூடிக்குத் திரும்பாமல் நடுவில் நின்றுவிடும். கடல் காற்றில் இங்க் காயும். கரண்ட் வந்ததும் பிரிண்டரை ஒருமுறை போட்டு, பட்டனில் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். சுவர் சுவிட்சை மட்டும் தட்டி அணைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் ஹெட் சீக்கிரம் அடைத்துக்கொள்வது இதனாலேயே.

எங்கே நிறுத்த வேண்டும்

கழிவுப் பஞ்சு நிறைந்துவிட்டது என்ற எரர் (கேனானில் 5பி00 அல்லது பி07) வந்தால் இணையத்தில் கிடைக்கும் ரீசெட் மென்பொருளோடு முடித்துக்கொள்ளாதீர்கள். அது எண்ணை மட்டும்தான் பூஜ்யமாக்கும். நிறைந்த பஞ்சு நிறைந்தபடியே இருக்கும். இங்க் வழிந்து மேஜைக்கும் உள்ளே போர்டுக்கும் வரும். பஞ்சை மாற்றிய பிறகுதான் ரீசெட். நாமே மாற்றும்படி தனிப் பெட்டி உள்ள மாடல் என்றால் வாங்கி மாற்றலாம், மற்றபடி சர்வீஸ்தான். தீய்ந்த வாடை, பல் சக்கரம் நொறுங்கும் சத்தம், அடியில் இங்க் கசிவு, இந்த மூன்றில் எது இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுபோங்கள். டேங்க் மாடலைப் பஸ்ஸிலோ வண்டியிலோ சாய்த்து எடுத்துப் போகாதீர்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரிண்டரைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். பருத்தித் துணியால் மூடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லா நிறமும் வரும்படி ஒரு பக்கம் அடியுங்கள், பிள்ளைகளின் படம் ஒன்றாகவே இருக்கட்டும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவைக்காதீர்கள், உள்ளேயே இருந்தால்தான் ஹெட் மூடிக்குள் இருக்கும். பட்டனில் அணைத்து, சத்தம் அடங்கிய பிறகு பிளக்கை எடுத்துவிட்டுப் போங்கள்.