தாய்மொழியில சொல்லிக் கொடுக்கும்போது நாம பண்ற தப்புகள்

தமிழ் மீடியம்னு போர்டு மாட்டிட்டாலே தாய்மொழிக் கல்வி வந்துடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி வந்துடாதுங்க. ஒண்ணாம் வகுப்புல வந்து உக்காருற அஞ்சு வயசுப் புள்ளகிட்ட ஏற்கனவே ஒரு முழு மொழி இருக்கு, அதுலதான் அது அடம் பிடிக்கும், பொய் சொல்லும், கதை கட்டும், தம்பிகூட சண்டை போடும். அந்த மொழிய வகுப்புக்குள்ள விடுறோமா இல்லையாங்கறதுதான் கேள்வி. பல தமிழ் மீடியம் வகுப்புலயே விடுறதில்ல.

எல்லாத்தையும்விட பெரிய தப்பு, புள்ள வாயத் திறந்த உடனே திருத்துறது. ஒரு புள்ள எந்திரிச்சு, "டீச்சர் எங்கூட்டு ஆடு குட்டி போட்டுச்சு, ரெண்டு, ஒண்ணு கருப்பு ஒண்ணு செவலை, செவலை பால் குடிக்கவே மாட்டேங்குது"ன்னு சொல்லுதுன்னு வைங்க. இதுல எண்ணிக்கை இருக்கு, நிறம் இருக்கு, ரெண்டு குட்டிய ஒப்பிட்டுப் பாக்குறது இருக்கு, ஒரு கவலையும் இருக்கு. நாம அதையெல்லாம் விட்டுட்டு "எங்கூட்டு இல்லம்மா, எங்கள் வீட்டுன்னு சொல்லு"ங்கறோம். இப்படி நாலு தடவ திருத்துனா அந்தப் புள்ள அடுத்து கேள்வி கேட்டா கூட தலைய மட்டும்தான் ஆட்டும். அப்புறம் "வகுப்புல பேசவே மாட்டேங்குது"ன்னு அம்மாவ கூப்பிட்டு கம்ப்ளைன்ட் வேற பண்ணுவோம், ஆனா வீட்ல அது வாய் ஓயாம பேசிக்கிட்டு இருக்கும்.

தமிழ்ல பேசுறது ஒண்ணு எழுதுறது ஒண்ணுன்னு நமக்கெல்லாம் தெரியும். ஆனா புத்தகத் தமிழ் அஞ்சு வயசுப் புள்ளைக்கு கிட்டத்தட்ட ஒரு புது மொழிங்கறது நமக்கு உறைக்கறதில்ல. அதுக்காக எழுத்துத் தமிழே வேணாம்னு நான் சொல்லல, அது கண்டிப்பா வேணும், ஆனா அதுக்கு ஒரு வழி போட்டுக் குடுக்கணும். புள்ள சொன்னத அது சொன்ன மாதிரியே போர்டுல எழுதுங்க: எங்கூட்டு ஆடு குட்டி போட்டுச்சு. அதுக்குக் கீழ, எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டது. ரெண்டையும் வாசிக்க விடுங்க, மேல இருக்கறது நாம பேசுறது, கீழ இருக்கறது புக்ல வர்றது, அவ்ளோதான், எதுவும் தப்பு இல்ல. கொஞ்ச நாள்ல புள்ளைங்களே "டீச்சர் இத புக்ல எப்படி எழுதுவாங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சுடும்.

அடுத்து எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247, இத்தனையும் அட்டவணைய பாத்து வரிசையா மனப்பாடம் ஆன பிறகுதான் வார்த்தைன்னு இன்னும் பல இடத்துல நடக்குது. புள்ள "க கா கி கீ"ன்னு பாட்டு மாதிரி ஒப்பிக்கும், நடுவுல கூ மேல விரல வச்சு இது என்னன்னு கேட்டா மறுபடி க-லேர்ந்து ஆரம்பிச்சாதான் அதுக்கு வரும். இது வாசிப்பு இல்ல. ட, ப, ம மூணு எழுத்தும் புள்ளியும் தெரிஞ்சாலே படம், மடம், பட்டம், மட்டம்னு வாசிக்கலாம், முதல் மாசத்துலயே "நான் படிச்சுட்டேன்"ங்கற சந்தோஷம் வந்துடும்.

தமிழ் எழுத்துல உண்மையிலேயே கஷ்டமான இடங்கள் இருக்கு, நேரத்த அங்க செலவு பண்ணணும். கொ-வ பாருங்க, கொம்பு முன்னாடி நிக்குது, க நடுவுல, துணைக்கால் பின்னாடி, ஆனா சத்தம் ஒண்ணுதான். இடமிருந்து வலமா ஒவ்வொண்ணா பாத்துட்டு வர்ற புள்ள அத கெ-ன்னு படிச்சுட்டு மிச்சம் இருக்கற கால என்ன பண்றதுன்னு முழிக்கும். கௌ-வும் கெள-வும் ஒரே மாதிரி தெரியும். உ வரிசையில கு, சு, து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரூபம். இங்கெல்லாம் புள்ள தடுமாறுனா அது மக்கு இல்லங்க, அந்த இடமே கஷ்டம்.

இன்னொரு விஷயம். கடல்ல வர்ற க ஒரு சத்தம், தங்கத்துல வர்ற க வேற, மகன்ல இன்னும் வேற. எழுத்து அதக் காட்டாது. அப்ப புள்ள எப்படி சரியா வாசிக்குது? த, ங், க, ம்னு கூட்டி வரும்போதே வாய்க்குள்ள ஏற்கனவே இருக்கற "தங்கம்" டக்குனு வந்து சத்தத்த சரி பண்ணிடுது. தெரிஞ்ச மொழியில வாசிக்கக் கத்துக்கிட்டா இந்த உதவி எப்பவும் கிடைக்கும். தெரியாத மொழியில ஆரம்பிச்சா எழுத்தெல்லாம் சரியா கூட்டினாலும் வந்தது சரியா தப்பான்னு புள்ளைக்கே தெரியாது, ஏன்னா அந்த வார்த்தைய அது காதால கேட்டதே இல்ல. தாய்மொழியில ஆரம்பிங்கன்னு யுனெஸ்கோ 1953லயே சொன்னதுக்குப் பின்னாடி பாசம் மட்டும் இல்ல, இந்த மாதிரி நடைமுறைக் காரணமும் இருக்கு.

இங்கிலீஷ் பத்தி பேசாம இத முடிக்க முடியாது. "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க"ன்னு பேரன்ட்ஸ் மீட்டிங்ல சொல்ற ஸ்கூல் இருக்கு, தயவுசெஞ்சு அதக் கேக்காதீங்க. உங்களுக்கு சரளமா வராத மொழியில நீங்க புள்ளகிட்ட "கம், ஈட், ஸ்லீப்" தாண்டி என்ன பேசுவீங்க? சந்தையில என்ன நடந்துச்சு, தாத்தா ஏன் கோவமா இருக்காரு, மழை ஏன் இன்னும் வரல, இதெல்லாம் நீங்க உங்க மொழியிலதான் நீளமா பேச முடியும், புள்ளையோட சொல்வளம் அந்த நீளமான பேச்சுலதான் வளருது. ஜிம் கம்மின்ஸ்ங்கற கனடா அறிஞர் 1970கள்லேர்ந்து சொல்லிட்டு வர்றது இதுதான், முதல் மொழியில நல்லா வளர்ந்த வாசிப்பும் யோசனையும் ரெண்டாவது மொழிக்கும் கூட வரும். இங்கிலீஷ் வேணாம்னு யாரும் சொல்லல. அத ஒரு மொழியா, பாட்டு, கதை, பேச்சுன்னு நல்லா சொல்லிக் குடுங்க. ஆனா கணக்கையும் சூழ்நிலையியலையும் ஒண்ணாம் வகுப்புலேர்ந்தே புரியாத மொழியில வச்சுட்டு, டீச்சர் ஒவ்வொரு வரியையும் தமிழ்ல விளக்கி, புள்ள பரீட்சையில இங்கிலீஷ் வரிய படம் வரையற மாதிரி எழுதிட்டு வர்றதுல ரெண்டு மொழியும் நிக்காது.

சின்ன வகுப்புப் புள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் வரணும்னு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்ததுலேர்ந்து, புள்ளைங்க எந்த அளவுல இருக்காங்கன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு சொல்லிக் குடுக்குறாங்க, நல்ல விஷயம். ஆனா "நீ அரும்புதானே"ன்னு அதையே பட்டப் பேராக்கிடக் கூடாது.

கடைசியா ஒண்ணு, இதுல நம்ம ஆளுங்க பலர் கவனம் வைக்கிறதில்ல. தமிழ்நாட்டுல எல்லாப் புள்ளைக்கும் தாய்மொழி தமிழ் இல்ல. ஈரோடு மாவட்டத்துல தாளவாடியில கன்னடம், ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும், நீலகிரி மலையில இருளர், குறும்பர் மொழிகள், நரிக்குறவர் புள்ளைங்களுக்கு வாக்ரிபோலி, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பங்கள்ல இந்தி, ஒடியா. இங்கிலீஷ்ல உக்கார வச்ச தமிழ்ப் புள்ள எப்படி முழிக்குமோ அப்படித்தான் இந்தப் புள்ளைங்க தமிழ் வகுப்புல முழிக்கும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைங்களுக்கு தொடக்கப் பள்ளியில தாய்மொழியில கத்துக்க வசதி செஞ்சு தரணும்னு அரசியலமைப்புல 350அ பிரிவு 1956லேர்ந்து இருக்கு. ஒடிசாவுல 2006-07 வாக்குல பத்து பழங்குடி மொழிகள்ல தொடக்க வகுப்புகள ஆரம்பிச்சாங்க, அந்தந்த ஊர் ஆளுங்களையே ஆசிரியராவும் வச்சாங்க.

அந்த மாதிரி ஏற்பாடு இல்லாத ஸ்கூல்ல ஒரே ஒரு டீச்சரா என்ன பண்ணலாம்னு கேட்டா, கொஞ்சம் பண்ணலாம். அந்தப் புள்ளைங்க மொழியில தண்ணி, பசி, வலிக்குது, ஒண்ணுக்குப் போகணும், புரியல, இந்த அஞ்சையாவது முதல் வாரத்துலயே நீங்க கத்துக்கோங்க. அதே மொழி பேசுற அஞ்சாம் வகுப்புப் புள்ள யாராவது இருந்தா பக்கத்துல உக்கார வைங்க. பாட்டியோ அம்மாவோ வந்து அவங்க மொழியில ஒரு கதை சொல்லட்டும், தமிழ்ப் புள்ளைங்களும் கேக்கட்டும், அதே கதைய அடுத்த நாள் நீங்க தமிழ்ல சொல்லுங்க. கதை தெரியும்ங்கறதால தமிழும் புரிய ஆரம்பிக்கும்.