பரணில் கிடக்கும் பழைய மூட்டையை நம்பலாமா? நீண்ட இடைவெளிக்குப் பின் ட்ரெக்கிங் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பத்துப் பன்னிரண்டு வருடம் மலைப்பக்கமே போகாமல் இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு இமயமலையில் கேதார்காந்தா, சந்தக்ஃபூ என்று ஐந்தாறு நாள் நடைக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இப்போது நிறைய. பெயர் கொடுத்த கையோடு இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பரணில் இருக்கும் பழைய மூட்டையை இறக்கித் தூசி தட்டி, "ஒண்ணும் ஆகல, அப்படியே இருக்கு" என்று எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இல்லையென்றால் ஒரே சாயங்காலத்தில் கடைக்குப் போய், தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுவார்கள். இரண்டாவது தவறு பணத்தோடு போய்விடும். முதலாவது நடுவழியில் உட்கார வைத்துவிடும்.

உபயோகிக்காத பொருள் கெடாது என்ற நினைப்புதான் இதற்கு வேர். ட்ரெக்கிங் சாமான்களில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை, பசை, ரப்பர், ஃபோம் ஆகியவற்றால் ஆனவை. இவை தேய்மானத்தால் மட்டும் போவதில்லை. வயதாலும் ஈரக்காற்றாலும் சூட்டாலும் தாமாகவே சிதையும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் வெயில் ஏறும் மாடி வீட்டுப் பரண் என்றால் இன்னும் சீக்கிரம்.

ஷூ: பார்க்க நன்றாக இருப்பதுதான் ஆபத்து

ட்ரெக்கிங் ஷூவின் மேல்பகுதிக்கும் தரையைத் தொடும் ரப்பர் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு மெத்தை அடுக்கு இருக்கும். அதை மிட்சோல் என்பார்கள். கனமான பழைய ஷூக்களில் பெரும்பாலும் அது பாலியூரித்தேன் ஃபோம். காற்றில் இருக்கும் ஈரப்பதம் அந்த ஃபோமின் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். ஐந்து முதல் பத்து வருடத்தில் ஃபோம் தன் பலத்தை இழந்துவிடும், ஆனால் வடிவம் மாறாது. வெளியே தோல் பளபளவென்று இருக்கும், லேஸ் புதிதாக இருக்கும். முதல் நாள் நாலைந்து மணி நேரம் நடந்த பிறகு, ஊறிய பிஸ்கட் மாதிரி நடு அடுக்கு உதிர்ந்து, அடிப்பகுதி முழுசாகக் கழன்று வரும். ஒரு ஷூ போனால் மற்றதும் அதே நாளிலோ மறுநாளோ போகும். இரண்டுக்கும் வயது ஒன்றுதானே. இதில் ஒரு வினோதம் உண்டு. அடிக்கடி போட்டு நடக்கிற ஷூவைவிடப் பெட்டியில் பூட்டி வைத்த ஷூ சீக்கிரம் கெடும். நடக்கும்போது அமுங்கி விரிவதில் ஃபோமுக்குள் இருக்கும் ஈரம் கொஞ்சம் வெளியேறுகிறது. பெட்டிக்குள் அது அப்படியே தங்கிவிடுகிறது.

சோதிக்கும் முறை எளிது. மிட்சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகத்தடம் மீளாமல் நின்றாலோ, மாவு மாதிரித் துகள் வந்தாலோ, பிசுபிசுத்தாலோ அந்த ஷூ முடிந்தது. அடுத்து முன்பாதம் மடங்கும் இடத்தை வளைத்து, வெளிச்சத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். குதிகால் பக்கம் ரப்பரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால், முதுகில் ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு மறுபடி அதே சோதனைகளைச் செய்யுங்கள். பத்து வருடத்துக்கு மேலான பாலியூரித்தேன் ஷூ இவ்வளவிலும் தேறினாலும் பல நாள் நடைக்கு அதை நம்பவே கூடாது. பக்கத்துக் குன்றுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சூப்பர் குளூ போட்டு ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பசைதான் விட்டிருக்கிறது, ஃபோம் உறுதியாக இருக்கிறது என்றால் தைத்து ஒட்டலாம். ஃபோமே பொடியாகிறது என்றால் எந்தப் பசைக்கும் பிடிமானம் கிடையாது. இலகுவான ஷூக்களில் இருக்கும் ஈ.வி.ஏ. ஃபோம் இப்படிப் பொடியாகாது. ஆனால் வருடக்கணக்கில் இறுகித் தட்டையாகிவிடும். அடி கழன்று போகாது, முழங்கால் வலிக்கும். எந்த ஷூவாக இருந்தாலும், தண்ணீர் பாட்டிலைச் சுற்றி இரண்டு மீட்டர் டக்ட் டேப், கூடவே நீளமான கேபிள் டை நான்கு எடுத்துப் போவது நல்லது. கழன்ற அடிப்பகுதியை அடுத்த முகாம் வரை கட்டி இழுக்க அது போதும்.

புதிதாக வாங்கும்போது செய்யும் பெரிய தவறு, பழைய சைஸையே கேட்பது. வயதும் உடல் எடையும் கூடக் கூடப் பாதம் அகலமாகும், வளைவு தாழும். வருடக்கணக்கில் செருப்பிலேயே நடந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்தே இருக்கும். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் போடப்போகும் அதே தடிமன் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். லேஸைத் தளர்த்திவிட்டு விரல் நுனி ஷூ முனையைத் தொடும் வரை காலை முன்னே தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸைக் கட்டிக்கொண்டு கடையின் சரிவுப் பலகையிலோ படியிலோ இறங்கிப் பாருங்கள். கால் விரல் முனையில் இடித்தால் வேண்டாம். கால் நகம் கறுத்து விழுவது பெரும்பாலும் ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்.

வாட்டர்ப்ரூஃப் ஷூ என்றால் எப்போதும் உசத்தி என்பதும் தவறு. டிசம்பர், ஜனவரி கேதார்காந்தாவில் பனியில் நடக்க அது வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் கணுக்கால் அளவு ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் மேல் வழியாக உள்ளே போகும், அப்புறம் வெளியேறாது. அங்கே சீக்கிரம் காயும் வலைத்துணி ஷூவும் அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் சாக்ஸும்தான் சரி.

ஸ்லீப்பிங் பேகில் எந்த எண்ணைப் பார்ப்பது

பையின் மேல் பெரிய எழுத்தில் மைனஸ் 10 என்று இருந்தால், மைனஸ் 10-லும் சுகமாகத் தூங்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேச முறைப்படி சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் உயிர் தாங்கும் அளவு. அதில் தூக்கத்துக்கு இடமே இல்லை. ஆணாக இருந்தாலும் கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவில் 2005 வாக்கில்தான் பொதுவான சோதனை முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பைகளில் இருக்கும் எண் தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொண்டது.

இறகு அடைத்த பழைய ஸ்லீப்பிங் பேகை உறைக்குள் அழுத்தியே வருடக்கணக்கில் வைத்திருந்தால் அதன் உப்பல் குறைந்திருக்கும். சூட்டைப் பிடித்து வைப்பது அந்த உப்பல்தான். வெளியே எடுத்து உதறி ஒரு நாள் முழுக்க விரித்து வையுங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இறகு ஓரமாகத் திரண்டு வெறும் துணியாக நிற்கும் அறைகள் தெரியும். பல சமயம் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம். துவைத்தால் ஓரளவு மீளும். இறகுக்கான சோப்பில் துவைத்து, டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சுற்றவிட வேண்டும். டிரையர் இல்லாவிட்டால் காய இரண்டு மூன்று நாள் ஆகும். இடையிடையே கட்டிகளைக் கையால் பிரித்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும்.

குளிர் பாதி தரையிலிருந்து வருகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடியில் போடும் பாயின் தடுப்புத் திறனை ஆர்-வேல்யூ என்று குறிப்பிடுவார்கள். சாதாரண ஃபோம் பாய் 2 அளவில் இருக்கும். பனி மேல் படுக்க 4-க்கு மேல் வேண்டும். இரண்டு பாயை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அந்த எண்கள் கூடும் என்பதால், ஒன்று போதாவிட்டால் இன்னொரு ஃபோம் பாய் சேர்ப்பது மலிவான வழி. பழைய காற்றுப் பாயை ஊதி, மேலே எடை வைத்து ஓர் இரவு விட்டுப் பார்க்காமல் எடுத்துப் போகாதீர்கள்.

இவ்வளவையும் வாங்குவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். இமயமலை நடைகளில் டென்ட், ஸ்லீப்பிங் பேக், பாய் மூன்றையும் பெரும்பாலும் அவர்களே தந்துவிடுவார்கள். மெல்லிய உள்ளுறை ஒன்று எடுத்துப் போனால் சுத்தத்துக்குச் சுத்தம், கொஞ்சம் கதகதப்பும் கிடைக்கும்.

மழையைத் தடுப்பவை

ரெயின் ஜாக்கெட், டென்ட், பழைய முதுகுப்பையின் உட்புறம் மூன்றிலும் பூசியிருப்பது பெரும்பாலும் அதே பாலியூரித்தேன். உள்பக்கம் பிசுபிசுப்பு, வாந்தி நாற்றம், வெள்ளையாகச் செதில் உரிவது, தையல்மேல் ஒட்டிய பட்டை கழல்வது: இதில் எது தெரிந்தாலும் அந்தப் பூச்சு போய்விட்டது. பட்டை மட்டும் கழன்றிருந்தால் தையலுக்கான பசை தடவிச் சரிசெய்யலாம், பூச்சே உரிந்தால் முடியாது. வெளித்துணி தண்ணீரை உருட்டிவிடாமல் உறிஞ்சுகிறது என்றால் அது வேறு விஷயம். துவைத்து, தண்ணீர் விலக்கும் திரவம் தெளித்து, சற்றுச் சூட்டில் காயவைத்தால் திரும்பிவிடும். வெள்ளை டி-ஷர்ட் மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஷவரில் நில்லுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று டி-ஷர்ட் காட்டிக்கொடுக்கும். டென்டை மொட்டை மாடியில் கட்டி ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பைக்கு மேலுறையை மட்டும் நம்ப வேண்டாம். பைக்குள் தடித்த குப்பைக் கவர் ஒன்றை விரித்து அதற்குள் துணிகளை வைப்பதுதான் நிச்சயம்.

பையைக் கடைசியில் வாங்குங்கள்

கடைக்குள் நுழைந்ததும் எல்லோர் கையும் போகிற இடம் பை. 65 லிட்டர் வாங்கினால் 65 லிட்டரையும் நிரப்பத்தான் மனம் போகும். டென்டும் உணவும் ஏற்பாட்டாளர் தரும் நடையில், பையின் சொந்த எடை 1.5 கிலோ, மாற்று உடைகள் 2.5, குளிர், மழை ஜாக்கெட்டுகள் 1, தண்ணீர் 2, மருந்து, விளக்கு, சில்லறைச் சாமான் 1, நொறுக்குத்தீனி அரை கிலோ. ஆக எட்டரை கிலோ. 45, 50 லிட்டர் தாராளம். 11 கிலோவைத் தாண்டினால் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஜீன்ஸ் இருக்கும். பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சிக் குளிரிலும் ஈரமாகவே கிடக்கும். பனியன் உட்பட அது வேண்டவே வேண்டாம்.

பையின் அளவு உங்கள் உயரத்தைப் பொறுத்தது அல்ல, முதுகு நீளத்தைப் பொறுத்தது. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான கோடு வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தொப்பை போட்டவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இடுப்புப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் பாரத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இறங்கும். பழைய பையில் பட்டையின் ஃபோம் அமுங்கியிருக்கும், பிளாஸ்டிக் கொக்கி நொறுங்கத் தயாராக இருக்கும். கொக்கியை இருபது முறை பலமாகப் பூட்டித் திறந்து பாருங்கள். கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

சின்னச் சாமான்களில் அதிகம் மறப்பது வாசிப்புக் கண்ணாடி. முன்பு தேவைப்பட்டிருக்காது. இப்போது மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தை ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அந்த ஹெட்லேம்பில் பழைய பேட்டரி கசிந்து முனைகள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். முறுக்கிப் பூட்டும் பழைய ஊன்றுகோல் (வாக்கிங் போல்) உள்ளே துருப்பிடித்து, பாரம் விழுந்ததும் நழுவும். கழற்றித் துடைத்தும் பிடிக்காவிட்டால் நெம்புகோல் பூட்டு உள்ளதாக மாற்றிவிடுங்கள். முழங்காலுக்கு இதைவிட லாபமான செலவு கிடையாது. வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த தண்ணீர் ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். புதிய ஃபில்டரும் உள்ளே ஈரத்தோடு ஒருமுறை உறைந்தால் நுண்குழாய்கள் வெடித்துப் பயனற்றதாகிவிடும், பார்த்தால் தெரியாது. பனி இரவில் அதைச் ஸ்லீப்பிங் பேகுக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கிளம்பும் வாரத்தில் முதல்முறையாகச் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே, முழு பாரத்தோடு அடுத்தடுத்த இரண்டு நாள் நடந்து பாருங்கள். முதல் நாள் எதுவும் தெரியாது. இரண்டாம் நாள்தான் உராய்வும் கொப்புளமும் பேச ஆரம்பிக்கும். கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஷூவுக்கும் முழங்காலுக்கும் நல்ல பரீட்சை. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்திலும் ஒரு நாள் நடைகள் இருக்கின்றன. காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள், அதைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

விமானத்தில் போவதாக இருந்தால் அடுப்புக்கான கேஸ் சிலிண்டரை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. ஊன்றுகோல் செக்-இன் பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில். 100 வாட்-அவர் வரையிலான பவர் பேங்குக்குத் தனி அனுமதி தேவையில்லை, 20,000 எம்.ஏ.ஹெச். என்பது அதற்குள் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கே பழகிய சேட்டிலைட் போனையோ, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியையோ பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்; விமான நிலையங்களிலேயே பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள்.