நெட்வொர்க் சாதனங்களில் நேரம் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரவுட்டரில் 'ஷோ கிளாக்' கட்டளை கொடுத்துப் பார்த்து, கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனால் என்டிபி (நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) சரியாக ஓடுகிறது என்று முடிவுகட்டிவிடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். திரையில் தெரியும் நேரம் சரியாக இருப்பது வேறு. அது ஒரு நம்பகமான சர்வரோடு ஒத்திசைந்திருப்பது வேறு. யாரோ போன வாரம் கையால் வைத்த நேரமும் இன்று ஏறத்தாழச் சரியாகவே தெரியும்.

சாதனத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் ஒரு நாளில் 4.3 நொடி விலகும். ஒரு மாதத்தில் அது இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். பயனர் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை பொதுவாக 5 நிமிடம்வரை பொறுத்துக்கொள்ளும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் அவ்வளவு பொறுக்காது. சாதனம் எழுதும் நிகழ்வுப் பதிவுகளான லாக்குகளுக்கோ சில நொடி வித்தியாசமே போதும்: எந்த லிங்க் முதலில் விழுந்தது, எது அதன் விளைவாக விழுந்தது என்று சொல்லவே முடியாமல் போகும்.

சிஸ்கோ சாதனங்களின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் ஒத்திசைவு இல்லாததைக் காட்டிக்கொடுக்கும் குறி ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. நேரத்துக்கு முன்னால் நட்சத்திரக்குறி நின்றால் அந்த நேரத்தை நம்ப முடியாது என்று சாதனமே சொல்கிறது. புள்ளி நின்றால் நேரம் நம்பத்தக்க மூலத்திலிருந்து வந்தது, ஆனால் இப்போது என்டிபி ஒத்திசைவு இல்லை. எந்தக் குறியும் இல்லாமல் இருப்பதே நாம் வேண்டுவது. லாக் வரிகளின் தொடக்கத்திலும் இதே குறிகள் வரும்.

கையால் நேரம் வைக்கும்போது

முதலில் டைம்ஸோன், பிறகுதான் நேரம். இந்த வரிசை மாறினால் நேரமும் மாறும். 'கிளாக் செட்' கட்டளை, அந்தக் கணத்தில் அமைந்திருக்கும் டைம்ஸோனில்தான் நேரத்தைப் புரிந்துகொள்ளும். டைம்ஸோன் எதுவும் கொடுக்காமல் 15:00 என்று வைத்தால் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) 15:00 என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் மூன்று மணி முன்னால் உள்ள டைம்ஸோனைக் கொடுத்தால் கடிகாரம் 18:00 காட்டும். அரை மணி, முக்கால் மணிக் கணக்கு வரும் டைம்ஸோன்களில் மணியையும் நிமிடத்தையும் தனித்தனி எண்களாகக் கொடுக்க வேண்டும், 5.5 என்று தசமத்தில் கொடுத்தால் ஏற்காது.

என்டிபி எப்போதும் யுடிசியை மட்டுமே சுமந்து வருகிறது. டைம்ஸோன், கோடைகால நேர மாற்றம் இரண்டும் அந்தந்தச் சாதனத்தின் காட்சி அமைப்புகள் மட்டுமே. 'நேரம் சரியாக மூன்று மணி தள்ளியிருக்கிறது, என்டிபி சர்வர் கெட்டுவிட்டது' என்று யாராவது சொன்னால் சர்வரைத் தொட வேண்டாம், டைம்ஸோன் வரியைப் பாருங்கள். பல நாடுகளில் பரவியிருக்கும் நெட்வொர்க் என்றால் எல்லாச் சாதனங்களையும் யுடிசியிலேயே வைத்துவிடுவதே நல்லது. கோடைகால நேரம் முடியும் இரவில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். அந்த மணிக்குள் நடந்த கோளாறின் லாக்கை வரிசைப்படுத்துவது பெரிய தலைவலி.

லாக்கில் நேரம் எப்படிப் பதிவாகிறது என்பதையும் இதோடு சேர்த்தே பாருங்கள். சாதனம் துவங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டும் எழுதும் அமைப்பில் இருந்தால், என்டிபி எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. ஐஓஎஸ்ஸில் 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம்' வரியோடு மில்லிநொடி, டைம்ஸோன் பெயர், ஆண்டு மூன்றையும் சேருங்கள். ஆண்டு இல்லாத லாக்கை டிசம்பர் கடைசியில் தேடிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

மறுதுவக்கத்தில் மாட்டிக்கொள்வது

பல சுவிட்சுகளிலும் சிறிய ரவுட்டர்களிலும் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் பழைய சிஸ்கோ சாதனங்கள் 1993 மார்ச் 1 என்று துவங்கும். லினக்ஸ் அடிப்படையிலான பல சாதனங்கள் 1970 ஜனவரி 1 என்று துவங்கும். இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. சான்றிதழை வைத்து எழும்பும் விபிஎன் வழியாகத்தான் என்டிபி சர்வரை எட்ட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதனத்தின் பார்வையில் அந்தச் சான்றிதழ் இன்னும் செல்லத் தொடங்கவே இல்லை. அதனால் விபிஎன் எழும்பாது. விபிஎன் எழும்பாததால் நேரம் வராது. பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ரிசால்வர், பதில்களின் கையொப்பத்தை டிஎன்எஸ்செக் முறையில் சரிபார்ப்பதாக இருந்து, அதை நம்பி என்டிபி சர்வரைப் பெயரால் கொடுத்தால், அந்த ரிசால்வரின் கடிகாரம் பிசகும் நாளிலும் இதே கதைதான்.

ஆகவே குறைந்தது ஒரு என்டிபி சர்வராவது விபிஎன் இல்லாமலும் டிஎன்எஸ் இல்லாமலும் எட்டும்படி, ஐபி முகவரியாகவே இருக்கட்டும். அது உங்கள் சொந்த சர்வராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பொது சர்வரின் ஐபியை நேரடியாக எழுதி வைத்தால் அது ஒரு நாள் மாறலாம். 2003இல் நெட்கியர் ரவுட்டர்களில் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக என்டிபி சர்வரின் முகவரி இப்படிப் பதிந்து வெளிவந்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கே கோரிக்கை வெள்ளத்தில் மூழ்கியது. வன்பொருள் காலண்டர் உள்ள ஐஓஎஸ் மாடல்களில் 'என்டிபி அப்டேட்-காலண்டர்' வரியையும் சேருங்கள். அது இல்லாவிட்டால் என்டிபி தரும் சரியான நேரம் பேட்டரிக் கடிகாரத்துக்குப் போய்ச்சேராது.

என்டிபிடி மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட சாதனங்களில் இன்னொரு எல்லை இருக்கிறது. நேர வித்தியாசம் 1000 நொடிக்கு மேல் போனால் திருத்த மறுத்து நின்றுவிடும். துவங்கும்போது ஒரு முறை மட்டும் அதை அனுமதிக்கும் தேர்வு உண்டு, அதை இயக்கி வையுங்கள். ஜூனிப்பர் சாதனங்களின் ஜூனோஸ் என்றால் 'செட் டேட் என்டிபி' கொடுத்து முதலில் அருகே கொண்டுவந்துவிடலாம். வித்தியாசம் 128 மில்லிநொடிக்குள் இருந்தால் என்டிபிடி கடிகாரத்தைக் குதிக்க விடாமல், நொடிக்கு அதிகபட்சம் அரை மில்லிநொடி என்ற வேகத்தில் மெல்ல நகர்த்தும். 100 மில்லிநொடியைச் சரிசெய்யக் குறைந்தது 200 நொடி ஆகும். அதற்குள் பொறுமையிழந்து என்டிபியை நிறுத்தித் திரும்பத் துவக்குவது வேலையைக் கெடுக்கும்.

எத்தனை சர்வர்கள், எப்படிப்பட்டவை

ஒரே சர்வர் என்றால் அது சொல்வதே வேதம். இரண்டு வைத்தால், அவை முரண்படும்போது எது பொய் என்று தீர்மானிக்க வழியே இல்லை. பலர் 'ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று' என்று நினைத்து இரண்டோடு நிறுத்துகிறார்கள். நேரத்தைப் பொறுத்தவரை அது மிக மோசமான எண்ணிக்கை. மூன்று இருந்தால் ஒன்று பொய் சொன்னாலும் மற்ற இரண்டும் அதை ஒதுக்கிவிடும். நான்கு இருந்தால் ஒன்று செத்த பிறகும் மூன்று மிஞ்சும். 2019இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 8633, துல்லியமான நேரத்தில் அக்கறையுள்ளவர்கள் ஒன்றையொன்று சாராத நான்கு மூலங்களாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

'ஒன்றையொன்று சாராத' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு சர்வர்களும் ஒரே ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்து நேரம் வாங்கினால் அது நான்கு அல்ல, ஒன்று. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் என்டிபி சர்வர்கள் சிறிது நேரம் 2000ஆம் ஆண்டைப் பரப்பின. உலகிலேயே பெயர்பெற்ற நேர மூலங்களில் ஒன்று அது. அதை மட்டும் நம்பியிருந்த நெட்வொர்க்குகள் பன்னிரண்டு ஆண்டு பின்னால் போயின.

பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசியில் எப்போதாவது சேர்க்கும் லீப் நொடியைப் பரப்பிக் கரைக்கும் சர்வர்களையும், அப்படிச் செய்யாத சர்வர்களையும் கலக்கக் கூடாது. கூகுளின் பொது என்டிபி, லீப் நொடியை 24 மணி நேரத்துக்குப் பரப்புகிறது. அந்த நாளில் இரு வகைக்கும் இடையே அரை நொடிவரை வித்தியாசம் வரும், சாதனம் எதை நம்புவது என்று தடுமாறும். கடைசி லீப் நொடி 2016 டிசம்பர் 31 அன்று வந்தது; 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்துவதென 2022இல் சர்வதேச எடை அளவு மாநாடு தீர்மானித்திருக்கிறது. அதுவரை கலக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

விண்டோஸ் நெட்வொர்க்கில் பயனர்களைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை ரவுட்டருக்கு நேர மூலமாகக் காட்டுவது அடிக்கடி நடக்கிறது. பதில் பாக்கெட் வரும், ஆனால் ரவுட்டர் ஒத்திசையாது. காரணம், விண்டோஸ் டைம் சர்வீஸ் தன் உள் கடிகாரத்தை மூலமாகக் கொண்டிருக்கும்போது, 10 நொடிவரை பிழை இருக்கலாம் என்று இயல்பாகவே அறிவிக்கிறது. என்டிபி கிளையன்ட்கள் ஒன்று, ஒன்றரை நொடிக்கு மேல் பிழை சொல்லும் மூலத்தை ஏற்பதில்லை. ஐஓஎஸ்ஸில் 'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ் டீட்டெயில்' பார்த்தால் அந்த சர்வருக்கு எதிரே 'இன்ஸேன்' என்று எழுதியிருக்கும். டொமைன் கன்ட்ரோலரையும் ரவுட்டரையும் ஒரே என்டிபி சர்வரிடம் அனுப்புவதுதான் முறையான தீர்வு.

'என்டிபி மாஸ்டர்' கட்டளை இன்னும் ஆபத்தானது. அது வெளி மூலம் இல்லாதபோதும் தன் சொந்தக் கடிகாரத்தை மற்றவர்களுக்கு அதிகாரபூர்வமாக விநியோகிக்கச் சொல்கிறது. எண் கொடுக்காவிட்டால் ஐஓஎஸ் ஸ்ட்ராட்டம் 8 என்று எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ராட்டம் என்பது மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்ற எண், சிறியதே உயர்ந்தது. சிலர் 'ஒன்றுதான் உயர்ந்தது' என்று 1 கொடுத்துவிடுகிறார்கள். அது ஒரு குவார்ட்ஸ் படிகத்தை அணுக் கடிகாரத்துக்கு நிகராக அறிவிப்பது. அந்த ரவுட்டர் மறுதுவக்கமாகி 1993இல் விழித்தால், அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் சுவிட்சுகளும் கூடவே போகும். வெளியுலகத் தொடர்பே இல்லாத நெட்வொர்க்கில் மட்டும், மையத்தில் உள்ள ஒரு சாதனத்தில், 8 அல்லது 10 போன்ற தாழ்ந்த தரத்தில் வையுங்கள்.

பாதையும் பாதுகாப்பும்

என்டிபி யுடிபி போர்ட் 123. கோரிக்கை கிளம்பும் இன்டர்ஃபேஸ் மாறினால் அனுப்புநர் முகவரியும் மாறும், சர்வர் பக்கத்து ஃபயர்வால் மறித்துவிடும். அதனால் 'என்டிபி சோர்ஸ்' வரியில் மெய்நிகர் இன்டர்ஃபேஸான லூப்பேக்கைக் கட்டிவிடுங்கள். மேனேஜ்மென்ட் போர்ட் தனி விஆர்எஃப்பில் (தனி ரவுட்டிங் அட்டவணை) இருந்தால் சர்வர் வரியிலும் அந்த விஆர்எஃப் பெயர் வேண்டும். இல்லையென்றால் பிங் போகும், நேரம் வராது. அனுப்புநர் போர்ட்டும் 123ஆகவே இருக்கும் என்று நினைத்து விதி எழுதாதீர்கள். சில கிளையன்ட்கள் வேறு போர்ட்டிலிருந்து கேட்கும்.

யார் எதைக் கேட்கலாம் என்று வரையறுக்கும் 'என்டிபி அக்சஸ்-குரூப்' வரியில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. நான்கு வகை அனுமதிகளில் ஏதாவது ஒன்றைக் கொடுத்த உடனே மற்றவை எல்லாம் மூடிக்கொள்ளும். கிளையன்ட்களுக்காக, நேரம் கொடுக்க மட்டும் அனுமதிக்கும் 'சர்வ்-ஒன்லி'யை மட்டும் எழுதினால், ரவுட்டர் தன் மேல் சர்வரோடு ஒத்திசையும் உரிமையையே இழந்துவிடும். மேல் சர்வர்களின் முகவரிகளை, ஒத்திசைய அனுமதிக்கும் 'பியர்' பட்டியலில் சேர்க்க வேண்டும். மாஸ்டராக இருக்கும் சாதனத்தில் அதன் உள் கடிகார முகவரியான 127.127.1.1ஐயும் சேர்க்க வேண்டும். பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் அது 127.127.7.1.

இந்தப் பட்டியலை எழுதாமல் விட்டுவிடுவதும் தீர்வல்ல. இன்டர்நெட் பக்கம் திறந்த என்டிபி சேவை தாக்குதல் கருவியாகும். 2014 பிப்ரவரியில் 'மான்லிஸ்ட்' கட்டளையைப் பயன்படுத்தி நொடிக்கு 400 ஜிகாபிட்டை நெருங்கிய தாக்குதலை கிளவுட்ஃபிளேர் பதிவுசெய்தது. சின்னக் கேள்விக்குப் பல மடங்கு பெரிய பதிலை, கேட்காத ஒருவருக்கு உங்கள் சாதனம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

அங்கீகாரத்துக்கு ஐஓஎஸ்ஸில் நான்கு வரிகள் வேண்டும்: அங்கீகாரத்தை இயக்குவது, கீயை (ரகசியச் சாவி) வரையறுப்பது, அந்தக் கீ எண்ணை நம்பத்தக்கதாக அறிவிப்பது, சர்வர் வரியில் அதே எண்ணைச் சேர்ப்பது. மறந்துபோவது பெரும்பாலும் கடைசி வரிதான். அது இல்லாவிட்டால் அந்த சர்வருக்குப் போகும் கோரிக்கையில் கீயே இருக்காது. நேரம் வழக்கம்போல் வரும், பாதுகாப்பு இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கீயை வைத்துச் செய்தியைச் சரிபார்க்கும் எம்டி5 இப்போது கைவிடப்பட்ட முறை. 2019இல் வந்த ஆர்எஃப்சி 8573 அதற்குப் பதில் ஏஇஎஸ்-சிமேக் முறையைப் பரிந்துரைக்கிறது. சாதனம் ஆதரித்தால் மாறிவிடுங்கள்.

சரிபார்க்கும்போது

'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்' காட்டும் 'ரீச்' மதிப்பை நூற்றுக்கு இவ்வளவு என்று படிப்பவர்கள் உண்டு. அது கடைசி எட்டு முயற்சிகளின் வெற்றி தோல்வியை எட்டடிமான எண்ணில் காட்டுகிறது. 377 என்றால் எட்டும் வெற்றி. 376 என்றால் கடைசி முயற்சி மட்டும் தவறியது. 0 என்றால் எட்டில் ஒன்றுகூட வரவில்லை. முதலில் பாதையையும் ஃபயர்வாலையும் பாருங்கள். 64 நொடிக்கு ஒரு முறை கேட்கும் நிலையில் 377 ஆகவே ஏறக்குறைய எட்டரை நிமிடம் பிடிக்கும். கட்டளை கொடுத்த இரண்டாவது நிமிடத்தில் 'வேலை செய்யவில்லை' என்று சொல்ல முடியாது.

'ரீச்' 377 இருந்தும் வரியின் முதலில் நட்சத்திரக்குறி இல்லையென்றால் பாதையில் குறையில்லை, சர்வரின் தரத்தில்தான் குறை. எக்ஸ் குறி இருந்தால் மற்ற சர்வர்களோடு ஒத்துப்போகாததால் பொய்யெனத் தள்ளப்பட்டிருக்கிறது. ஸ்ட்ராட்டம் 16 என்றால் அந்த சர்வருக்கே நேரம் கிடைக்கவில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: 'ஷோ கிளாக்' வரியில் நட்சத்திரம் கெட்டது, இந்தப் பட்டியலில் நட்சத்திரம் நல்லது.

ஆஃப்செட் (சர்வரோடு உள்ள நேர வித்தியாசம்) சிறிதாக இருப்பதும் முழு உத்தரவாதமல்ல. போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கின்றன என்ற அனுமானத்தில்தான் என்டிபி கணக்கிடுகிறது. போக 40 மில்லிநொடி, வர 10 மில்லிநொடி என்றால் 15 மில்லிநொடிப் பிழை உள்ளே புகுந்துவிடும், ஆஃப்செட்டோ பூஜ்யத்தையே காட்டும். ஒரே சர்வரை வேறு பாதையில் பார்க்கும் இன்னொரு சாதனத்தோடு ஒப்பிட்டால்தான் இது தெரியவரும்.

மானிட்டரிங் மென்பொருளில் சாதனம் எட்டுகிறதா என்பதை மட்டும் வைத்திருப்பார்கள், நேரத்தை விட்டுவிடுவார்கள். ஒத்திசைவு இழந்த நிலை, 100 மில்லிநொடிக்கு மேற்பட்ட ஆஃப்செட், நான்கில் இரண்டு சர்வர்களுக்கு மேல் 'ரீச்' 0 ஆவது ஆகிய மூன்றுக்கும் எச்சரிக்கை வையுங்கள். ஃபர்ம்வேர் மாற்றிய பிறகும், ஃபயர்வால் விதி மாற்றிய பிறகும் பத்து நிமிடம் விட்டு அசோசியேஷன் பட்டியலை ஒருமுறை பாருங்கள். புதிய சாதனம் வாங்கும்போது, என்டிபியின் 32 பிட் நொடி எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பும் 2036 பிப்ரவரி 7, யுடிசி 06:28:16ஐ அது எப்படிக் கையாளும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இன்று பொருத்தும் சுவிட்சுகளில் பல அன்றும் ரேக்கில் இருக்கும்.