பில் பாக்கி கேட்டு எழுதும் கடிதம்

திருப்பூரில் நிட்டிங், சாயம், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளுக்குக் கூலி வேலை) செய்பவர்கள் பாக்கியைப் பெரும்பாலும் போனில்தான் கேட்கிறார்கள். வழக்கென்று வந்தால் பேச்சு நிற்காது, தாள்தான் நிற்கும்.

ஏ4 லெட்டர்பேடில் இடப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் விடுங்கள். குறைந்தால் ஃபைலுக்கு ஓட்டை போடும்போது எழுத்து போய்விடும். மேலே கடித எண், தேதி. பெறுநர் பெயர் பில்லில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்கட்டும். ஒரே முதலாளிக்கு இரண்டு மூன்று கம்பெனி இருக்கும். பெயர் பிசகினால் 'இது எங்களுக்கு வந்ததல்ல' என்று தள்ளிவிடலாம்.

பொருள் ஒரே வரி:

"பொருள்: பில் எண் 118, நாள் 04.03.2025 – ரூ.2,36,000 நிலுவை தொடர்பாக."

'பேமெண்ட் விஷயமாக' என்று மட்டும் போட்டால் அக்கவுண்ட்ஸ் மேசையில் அடியில் போய்விடும். அதன் கீழே 'பார்வை' என்ற வரியில் ஆர்டர் எண்ணும் டெலிவரி சலான் எண்ணும்.

'விரைவில் தரவும்' வேண்டாம், நாள் குறிப்பிடுங்கள். உத்யம் (மத்திய அரசின் சிறு நிறுவனப் பதிவு) பதிவுள்ள குறு, சிறு நிறுவனம் என்றால் பதிவு எண்ணையும் சேர்க்கவும். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டுவட்டி. இதை மிரட்டலாக இல்லாமல் ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும், அடுத்த ஆர்டரும் வேண்டுமல்லவா?

கையொப்பம், பெயர், பொறுப்பு, முத்திரை. கீழே இணைப்பு: பில், சலான் நகல்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதை உங்கள் நகலோடு பின் அடித்து வையுங்கள்.