வயரிங் பழகப் போகிறவர்கள் விடும் பிழைகள்

விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டில் கறுத்துப்போன பல்ப் ஹோல்டர் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. என்னோடு வேலை பழக வந்து மூன்றாவது கிழமையில் இருந்த தம்பி, கதவடியில் இருந்த சுவிட்சைத் தட்டினான். பல்ப் அணைந்தது. கதிரையை இழுத்துப்போட்டு ஏறிக்கொண்டே, “ஓஃப் பண்ணீட்டன் அண்ணை” என்றான். “டெஸ்டரை வைச்சுப் பார்” என்றேன். எனக்காகத்தான் வைத்தான். வைத்ததும் டெஸ்டருக்குள் இருக்கும் விளக்கு எரிந்தது. கதிரையில் நின்றபடி அவன் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

நடந்தது இதுதான். அந்த வீட்டை முதலில் வயரிங் செய்தவர் சுவிட்சை கரண்ட் வரும் லைவ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருந்தார். சுவிட்சைத் தட்டினால் சுற்று அறுந்து பல்ப் அணையும். ஆனால் ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் வந்து நின்றுகொண்டே இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கைக்கு ஒன்றல்ல.

வேலை பழகப் போகும் பிள்ளைகள் விடும் பிழைகளில் முதலாவதாக இதைத்தான் சொல்வேன்: ஓஃப் என்று சொன்னதை நம்புவது. வீட்டுக்காரர் சொன்னாலும், மேசன் சொன்னாலும், வேலை பழக்குகிற நானே சொன்னாலும், கை வைக்கப் போகிறவன் தானே பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். அப்படிப் பார்ப்பதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளும் வயர்மன் என்றால் அவரிடம் வேலை பழகாதீர்கள்.

டெஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அதற்குள் இருக்கும் சின்ன நியோன் விளக்கு, உங்கள் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் எரிகிறது. காய்ந்த மர ஏணியில் றப்பர் செருப்போடு நின்றால் லைவ் வயரிலும் எரியாமல் இருக்கலாம். கூரை போடாத வீட்டில் மத்தியான வெயிலுக்குள் எரிந்தாலும் தெரியாது. அதனால் முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான ஒரு பிளக்கில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். திரும்பவும் அந்தப் பிளக்கில் வைத்துப் பாருங்கள். மூன்று தரம் பார்த்தாலும் ஒரு நிமிடம் ஆகாது. மல்டிமீட்டர் ஒன்று வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. முதல் மாதச் சம்பளத்தில் புது ஃபோன் கவரை விட்டுவிட்டு அதை வாங்குங்கள்.

கரண்ட் போன நேரத்தில் வேலை செய்வது எங்கள் பக்கத்தில் நன்றாக வேரூன்றிப்போன இன்னொரு பழக்கம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் பழகியவர்கள் சிலர், “இப்ப கரண்ட் இல்லைத்தானே” என்று மெயினை ஓஃப் பண்ணாமலே பெட்டியைத் திறக்கிறார்கள். கரண்டைத் திருப்பி விடுகிறவர்கள் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு விடுவதில்லை. மின்வெட்டு நேரத்தில் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் இருந்து ஒரு வயரை இழுத்து பிளக்கில் சொருகி வெளிச்சம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மெயினை ஓஃப் பண்ணாமல் அப்படிச் செய்தால் அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளியே லைனுக்குப் போகும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மன் செத்த லைன் என்று நினைத்துப் பிடிப்பார். போர்க்காலம் முழுக்க ஜெனரேட்டரோடும் ஜாம் போத்தல் விளக்கோடும் வாழ்ந்த சனம் நாங்கள். ஜெனரேட்டரை எங்கள் கைக்குள் அடங்கிய சாமானாக நினைப்பது விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். அதனால்தான் பழகும் பிள்ளை இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மெயினை ஓஃப் பண்ணினால் மட்டும் காணாது. வீட்டில் அம்மம்மா ஒருவர் இருப்பார். ஃபேன் நின்றுவிட்டதே என்று எழும்பி வந்து மெயினைப் போடுவார். அது அவருடைய பிழை இல்லை. மெயினில் டேப் ஒட்டி, “வேலை நடக்குது, போட வேண்டாம்” என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். பெட்டிக்குப் பூட்டு இருந்தால் திறப்பை உங்கள் பொக்கெட்டில் வையுங்கள்.

சரி, வயருக்கு வருவோம். இந்த வேலையின் தரம் தெரிவது இங்கேதான். கடையில் 1/1.13, 7/0.67, 7/1.04 என்று கேட்டு வாங்குகிறோம். பழகும் பிள்ளைகள் பலர் அதைப் பெயர் மாதிரிப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பாருங்கள். முதல் எண் எத்தனை கம்பி என்பது, இரண்டாவது ஒரு கம்பியின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பது. 7/0.67 என்றால் 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வரும். 1/1.13 ஒற்றைக் கம்பி, 1 சதுர மில்லிமீற்றர், அதனால்தான் லைற்றுக்கு. இந்தக் கணக்கு மண்டைக்குள் இருந்தால், பிளக் பொயின்ற்றுக்கு ஏன் 1/1.13 இழுக்கக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது வயரின் தோலை உரிப்பதைப் பாருங்கள். புதுப் பிள்ளை குறட்டை இறுக்கிப் பிடித்து ஒரே இழுவையில் இழுக்கிறான். தோலோடு சேர்ந்து இரண்டு கம்பியும் போய்விடுகிறது. மிச்சம் ஐந்தை முறுக்கி பிளக்கில் கொடுத்து ஸ்க்ரூவை இறுக்குகிறான். வேலை செய்கிறது. ஆனால் ஏழில் இரண்டு போய்விட்டது. அந்த இடத்தில் மட்டும் வயர் மெலிந்து நிற்கிறது. கேத்திலும் அயனும் அந்தப் பிளக்கில் ஓடும்போது சூடு முதலில் ஏறுவது அந்த முனையில்தான். இன்னொருவன் தோலைப் போதாமல் உரித்துவிட்டு ஸ்க்ரூவைத் தோலின் மேலேயே இறுக்கி வைப்பான். இன்னொருவன் தேவைக்கு மேல் உரித்து, வெறுங்கம்பி பொக்ஸுக்குள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரூ இறுக்கிய பிறகு வயரை ஒருக்கால் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

சுவருக்குள் வயர் போகும் கொண்டியூட் பைப்புக்குள் ஜொயின்ற் போட்டு டேப் சுற்றி விடுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிழைதான். ஐந்து வருடம் கழித்து அந்த ஜொயின்ற் விட்டுப்போனால், அதைத் தேடி சுவரை உடைக்க வேண்டியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஜொயின்ற் எப்போதும் திறக்கக்கூடிய பொக்ஸுக்குள்தான்.

ட்ரிப் சுவிட்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாரி தொடங்கியதும் வன்னியில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி, “ட்ரிப் நிக்குதில்லை” என்பதுதான். வெளி விளக்குக்குள் தண்ணி போயிருக்கும், தண்ணி மோட்டருக்குள் ஈரம் இறங்கியிருக்கும், பொக்ஸுக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கும், பல்லி செத்துக் கிடக்கும். காரணம் தேட அலுத்தவர்கள் ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு டிரெக்டாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரரும் “நல்ல வயர்மன், உடனே சரிப்பண்ணிப்போட்டுப் போட்டார்” என்பார்.

அந்த ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் அப்படிச் செய்ய மனம் வராது. லைவில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்னோட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் போடுவது 30 மில்லி அம்பியர் என்று குறித்தது. அந்தளவு வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும். கிணற்றடியில் வெறுங்காலோடு ஈரக்கையோடு நிற்கும் ஒருவரின் உடம்புத் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230ஐ 1000ஆல் பிரித்தால் 0.23 அம்பியர். அதாவது 230 மில்லி அம்பியர். இதயத் துடிப்பைக் குழப்பி ஆளைக் கொல்ல அது தாராளம். மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் மட்டும் விழும் 20 அம்பியர் பிரேக்கருக்கோ அது ஒரு கணக்கே இல்லை, அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்ற இருப்பது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான்.

பிழை தேடும்போது பழகுபவர்கள் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். பிரேக்கர் எல்லாவற்றையும் கீழே தட்டி ஓஃப் பண்ணிவிட்டு ட்ரிப்பை நிமிர்த்துவார்கள். அப்போதும் அது விழும். “அண்ணை, ட்ரிப் பழுது” என்று முடிவு கட்டிவிடுவார்கள். பழுதாக இருக்கலாம். ஆனால் சாதாரண பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டுகிறது. எங்கேயோ நியூட்ரலும், நிலத்துக்குப் போகும் எர்த் வயரும் முட்டிக்கொண்டு நின்றால் பிரேக்கர் கீழே இருந்தாலும் ட்ரிப் விழும். ஒவ்வொரு தரமும் மெயினை ஓஃப் பண்ணி, பார்த்து உறுதி செய்துவிட்டு, நியூட்ரல் பட்டியில் இருந்து ஒரு வயரைக் கழற்றி, திரும்ப மெயினைப் போட்டு ட்ரிப்பை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றிய பிறகு ட்ரிப் நிற்கிறதோ அந்த லைனில்தான் பிழை. நேரம் எடுக்கும். எடுக்கட்டும். 20 அம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 32 போட்டு விடுவதும் இதே அலுப்பில் வருவதுதான். பிரேக்கர் காப்பது வயரை. பெரிய பிரேக்கர் போட்டால் முதலில் எரிவது சுவருக்குள் இருக்கும் வயர்.

எர்த் வயரை நிலத்தோடு சேர்க்கும் எர்த் ரொட்டை அடிக்கும் வேலை எப்போதும் புதுப் பிள்ளைக்குத்தான் வந்து சேரும். ஆவணியில் வன்னி நிலம் பாறை மாதிரி. நாலடி ரொட்டில் இரண்டடி இறங்கியதும் சுத்தியல் துள்ளும். ஆரும் பார்க்கவில்லை என்றால் மிச்சத்தை வாளால் அறுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடலாம். அப்படி அறுத்த ரொட்டை நான் பிறகு தோண்டி எடுத்திருக்கிறேன், ஒரு வீட்டில் இல்லை, பல வீடுகளில். மேல் மண் காய்ந்துபோனால் அந்த இரண்டடி ரொட் நிலத்தோடு பேசாது. தண்ணி ஊற்றி ஊறவிட்டு அடியுங்கள், அல்லது இரண்டு அடி தள்ளி வேறு இடம் பாருங்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வேலை பழக்குகிறவரிடம் சொல்லுங்கள். எர்த்துக்கு வழி இல்லை என்று பிளக்குக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க லைவ் ஆகிவிடும்.

வேலைக்கு வெளியே விடும் பிழைகளும் உண்டு. பெரியது, காகிதத்தை விட்டுவிடுவது. மூன்று நாலு வருடம் நல்லாக வேலை பழகிவிட்டு, கையில் ஒரு துண்டும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிறையப் பேர். நைட்டா என்று நாங்கள் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் பதிந்துகொண்டு பழகினால், வேலைத்தளத்தில் பழகிக்கொண்டே என்.வி.கியூ என்னும் தேசிய தொழில் தகைமைக்கான மதிப்பீட்டுக்குப் போகலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கும் அந்தத் தெரிந்ததை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. வகுப்பில் இருந்து படிக்க விருப்பம் என்றால் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன, அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. பெண் பிள்ளைகளும் போகலாம், போகவேண்டும். வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களிடம் முதலில் கேட்கும் காகிதமும் இதுதான்.

எந்த வழியில் பழகினாலும் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, எந்த மாதிரி வீடு, என்ன வேலை, என்ன பிழை, எப்படிக் கண்டுபிடித்தோம். இரவில் ஐந்து வரி போதும். மதிப்பீட்டுக்குப் போகும்போது, செய்த வேலையைச் சொல்லத் தெரியாமல் முழிக்காமல் இருக்க அது உதவும்.

ஆறு மாதத்தில் தனியாக வேலை பிடிக்கும் ஆசை வரும். “மச்சான், ஒரு பொயின்ற் போட்டுத் தாவன்” என்று சொந்தக்காரர் கூப்பிடுவார்கள். போகலாம், ஆனால் முடித்த பிறகு வேலை தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்த பின்தான் மெயினைப் போடுவது என்று சொல்லிவிட்டுப் போங்கள். மோதிரம், கைச்சங்கிலி கழற்றிவிட்டுப் போங்கள். மூடிய சப்பாத்துப் போடுங்கள். யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் ஓடிப்போய் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின், பிறகு ஆள். மூச்சு இல்லை என்றால் அம்புலன்சுக்கு 1990ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள். அமுக்கும் முறையை வேலைக்குப் போகும் முதல் மாதத்திலேயே யாரிடமாவது பழகி வையுங்கள்.

இன்னொரு அழைப்பும் வரும். அது பெரும்பாலும் பொழுதுபட்ட பிறகு வரும். வயலுக்குள் பன்றி இறங்குது, யானை வருது, வீட்டில் இருந்து ஒரு வயர் இழுத்துக் கம்பியில் கொடுத்துவிடு என்பார்கள். அவர்களின் நட்டம் உண்மையானது. ஒரு இரவில் ஒரு போகம் போய்விடும். ஆனால் சட்டப்படி போடும் யானை வேலிக்குத் தனிக் கருவி இருக்கிறது. அது ஒரு வினாடிக்கு ஒரு தரம் அளவில், கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு மட்டும் அடித்துவிட்டு விடும். அடிபட்ட உயிர் விலகிப் போக அதில் இடம் இருக்கிறது. 230 வோல்ட்டை நேரே கம்பியில் கொடுத்தால் பிடித்தது விடாது. விடியப்புறம் தண்ணி திருப்பப் போகும் மனிசனுக்கும் அந்தக் கம்பி தெரியாது. அது குற்றம், இழுத்துக் கொடுத்தவனுக்கும் சேர்த்துத்தான். வேலை பழக்குகிறவரே சரி என்று சொன்னாலும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அன்றைய சம்பளம் போனால் போகட்டும்.