கோல குபு பாரு போறவங்களுக்கு: கையெழுத்து வேலைய இங்கேயே முடிச்சிட்டுக் கெளம்புங்க

பதினாலு நாள் லீவு. அதுல அஞ்சு நாள் மலேசியால இருக்குற கோல குபு பாருன்னு பிளான் போட்டுத்தான் மெல்பர்ன்ல பிளேன் ஏறுனேன், கடைசில அங்க இருந்தது ரெண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல். மத்த நாளெல்லாம் எங்க போச்சுன்னு கீழ சொல்றேன், சொல்றப்ப கோவம் எட்டிப் பார்த்தா பொறுத்துக்குங்க. பெட்டியில என்ன அடுக்கணும், கொசு மருந்து வேணுமான்னெல்லாம் எழுதப் போறதில்ல. அந்தப் பக்கம் பொறந்தவங்களுக்குக் கொசுவப் பத்தி நான் சொல்லணுமா.

நீங்க பாஸ்போர்ட் மாத்திட்டவங்களா இருந்தா ஒண்ணு தெரிஞ்சிக்குங்க, மலேசியா ரெட்டைக் குடியுரிமைய ஏத்துக்காது, ஐசிய, அதான் அடையாள அட்டைய, திருப்பிக் குடுத்தாச்சுன்னா நீங்க அங்க டூரிஸ்டுதான். 2024 ஜனவரில இருந்து வெளிநாட்டுக்காரவங்க எம்டேக்னு ஒரு டிஜிட்டல் அட்டைய, போய் எறங்குறதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். அதுக்குக் காசு கெடையாது, காசு கேக்குற வெப்சைட்டு வந்தா மூடிடுங்க. ஹோட்டல்ல ரூம் ஒண்ணுக்கு ராத்திரிக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனியா வாங்குவாங்க, அதுவும் வெளிநாட்டுக்காரவங்களுக்கு மட்டும். பத்து வெள்ளி பெரிய காசில்ல. ஆனா கவுண்டர்ல இருந்தது நம்ம புள்ள, அதுவரைக்கும் தமிழ்ல கலகலன்னு பேசிக்கிட்டு இருந்தவ, பாஸ்போர்ட்டப் பார்த்ததும் "அக்கா, இன்னும் இருவது வெள்ளி இருக்கு"ன்னு கொரலத் தாழ்த்திச் சொன்னா. சத்தமாவே சொல்லியிருக்கலாம்.

கேஎல்-ல, அதான் கோலாலம்பூர்ல இருந்து வடக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. தஞ்சோங் மாலிம் போற கொமுட்டர் ரயில்ல வரலாம், ஆனா ஸ்டேஷன் டவுனுக்கு வெளிய இருக்கு, எறங்குனதும் க்ராப் டாக்சி வந்து நிக்கும்னு நெனைக்காதீங்க, காடி (கார்) வாடகைக்கு எடுத்துக்கிட்டா நிம்மதி. பேர்ல இருக்குற 'பாரு'ன்னா புதுசுன்னு தெரியும்ல, அப்ப பழசு எங்கன்னு கேப்பீங்க. 1883 அக்டோபர்ல பழைய கோல குபுல அணை ஒடைஞ்சு ஊர அடிச்சிக்கிட்டுப் போச்சு, செசில் ரேங்கிங்னு அப்ப இருந்த வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டும் அதுல செத்துப் போனாரு. அந்த எடத்துக்கு இன்னிக்கும் அம்பாங் பெச்சான்னுதான் பேரு, ஒடைஞ்ச அணைன்னு அர்த்தம். அப்புறமும் ஈயச் சுரங்கத்து மண்ணு ஆத்த மேடாக்கி வெள்ளம் விடாம வந்ததால, 1920கள்ல மேடான எடம் பார்த்து, சார்லஸ் ரீட்னு ஒரு டவுன் பிளானர வச்சு புது ஊரு போட்டாங்க. கடை ஒரு பக்கம், கவர்மெண்டு வீடுங்க ஒரு பக்கம், நடுவுல பச்சைத் திடல். தோட்ட நகரம்னு அதுக்குப் பேரு. எங்களுக்குத் தோட்டம்னா ரப்பர் பால்மரமும், கூலிக்காரங்க வரிசை வீடான லயமும்தான், பூந்தோட்டத்த நெனச்சு ஒரு ஊரையே கட்டியிருக்காங்கன்னு மெல்பர்ன்ல உக்காந்து படிச்சுத்தான் நான் தெரிஞ்சிக்கிட்டேன்.

காலைல ஏழு மணிக்கு நடங்க. மலையில பனி எறங்கியிருக்கும், காக்கிலீமாவுல, அதான் கடைங்களுக்கு முன்னாடி இருக்குற நடைபாதைல, ஒவ்வொரு கடை வாசல்லயும் தரை ஒவ்வொரு மாதிரி இருக்கும். சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழம அப்பா எங்க ரெண்டு பேரையும் பஸ்ல இங்க கூட்டிக்கிட்டு வருவாரு, அக்காவுக்கு ஒரு ரொட்டி எனக்கு ஒரு ரொட்டி, அவருக்கு ஒரு கோப்பி, தட்டுல ஊத்தி ஆத்தித்தான் குடிப்பாரு. இப்ப அதே வரிசையில கேஎல் பசங்க சைக்கிள நிறுத்திட்டு போட்டோ எடுக்குறாங்க. நல்லாத்தான் இருக்கு, கொறை சொல்ல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் உக்கார எடம் கெடைக்கல.

சரி, காணாமப் போன நாளுங்க கதை.

அப்பா போய் ரெண்டு வருஷம். தோட்டத்த விட்டு வெளியானப்ப ஒரு தாமான்ல (குடியிருப்புல) மலிவு விலை வீடு ஒண்ணு வாங்குனாரு, கோல குபு பாருல இருந்து காடில ஒன்றரை மணி நேரம், எந்த ஊருன்னு எழுத மாட்டேன், ஆபீசுக்கும் பேரு வேணாம். உயில் எழுதல. அப்படிச் செத்தா 1955ஆம் வருஷத்துச் சின்ன சொத்துச் சட்டப்படி நில ஆபீஸ்ல பாரம் ஏ நிரப்பி மனுப் போடணும், அப்புறம் 'பிச்சாரா'ன்னு ஒரு விசாரணை வைப்பாங்க, வாரிசெல்லாம் வந்து நிக்கணும். அம்மா முன்னாடியே போயிட்டாங்க, அதனால வாரிசு அக்காவும் நானும். ரெண்டு நாள் வேலைன்னு அக்கா சொன்னா, நானும் நம்பி விசாரணைத் தேதிய ஒட்டி டிக்கெட் போட்டேன்.

மொத நாள் நம்பர் வந்து உக்காந்ததும் ஒரு பாரம் குடுத்தாங்க. அதுல ஐசி நம்பருக்குப் பன்னெண்டு கட்டம். கை தானா எழுதிடுச்சு. பொறந்த வருஷம், மாசம், நாள், மாநிலம், கடைசி நாலு நம்பர், யோசிக்கவே இல்ல, என் வீட்டுக்காரர் போன் நம்பர் கூட எனக்கு மனப்பாடம் கெடையாது. அந்தம்மா கம்பியூட்டர்ல அடிச்சுப் பார்த்துட்டு "இது உங்க நம்பரா"ன்னாங்க. ஆமான்னேன். அப்புறம் இல்லன்னேன். பாஸ்போர்ட்ட நீட்டுனேன். அவங்க சிவப்புப் பேனாவால பன்னெண்டு கட்டத்துக்கும் குறுக்க ஒரே கோடு போட்டுட்டு புதுப் பாரம் எடுத்துக் குடுத்தாங்க, திட்டல, ஒண்ணும் சொல்லல. தப்பு முழுக்க என்னோடது.

அடுத்தது அப்பா பேரு. வீட்டு கெரான்ல, அதான் பட்டாவுல, முனியாண்டிக்கு நடுவுல 'ஒய்' இருக்கு, அவரு ஐசில 'ஒய்' இல்ல, 'ஐ' மட்டும். என் பொறப்புப் பத்திரத்துல 'மு'வுக்கு அப்புறம் 'நி' போய் 'நே' ஆயிருக்கு. அக்கா பத்திரத்துல வேற மாதிரி. அப்ப தோட்டத்துல யாரு எழுதுனா, தோட்டத்து கிளார்க்கு கிராணி எழுதுவாரு, காதுல விழுந்தத எழுதுவாரு, அப்பாவுக்கு ரூமி, அதான் ஏபிசிடி எழுத்துப் படிக்கத் தெரியாது, குடுத்தத வாங்கி டின்னுல வச்சாரு. இந்த நாலு பேரும் ஒரே ஆளுதான்னு இப்ப நாங்க சத்தியம் பண்ணணும். சத்தியப் பிரமாணம் எழுதி, சாப் (முத்திரை) அடிச்சு, எடுத்துட்டுப் போனா ஒரு வரி விட்டுப் போச்சுன்னு திருப்பி விட்டாங்க. திருத்திட்டுப் போனா பார்க்க வேண்டியவரு கோர்சுக்குப் போயிருக்காரு. அடுத்த நாள் சிஸ்டம் படுத்துடுச்சு. வெள்ளிக்கிழம மத்தியானம் தொழுகை நேரம் நீளம்னு தெரிஞ்சும் பன்னெண்டே காலுக்குப் போய் நின்ன கூத்தும் நடந்துச்சு. இப்படியே ஒம்போது நாள். ஆபீஸ் வாசல்ல ஒரு செண்டோல் காடி நிக்கும், ஒம்போது நாளும் குடிச்சேன், மூணாம் நாள்ல இருந்து அந்தத் தம்பி எனக்குக் கேக்காமலே சீனி கம்மியாப் போட ஆரம்பிச்சுட்டாரு. விசாரணைய வேற தேதிக்குத் தள்ளி வச்சாங்க, அந்தத் தேதில நான் மெல்பர்ன்ல இருப்பேன்.

அப்பத்தான் ஒரு கூட்டாளி சொன்னாங்க, வர முடியாத வாரிசு சம்மதக் கையெழுத்துப் போடுற பாரம் ஒண்ணு இருக்காம், டிடிஏ. வெளிநாட்டுல இருந்தே முறையா கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், யாரு முன்னாடி போடணும்னு மலேசிய கான்சுலேட்ல இல்ல ஹை கமிஷன்ல மொதல்லயே கேட்டுக்குங்க. அதான் தலைப்புலயே போட்டேன். பேரு எழுத்து எங்கெங்க மாறியிருக்குன்னு அப்பா அம்மா உசுரோட இருக்கும்போதே எல்லாத்தையும் மேசையில பரப்பி வச்சுப் பாருங்க, இப்பவே.

இதுக்கு நடுவுல அத்தை. அப்பாவோட தங்கச்சி. அந்த வீட்டுல இப்ப இருக்கறது அவங்கதான், அப்பாவுக்குக் கடைசி மூணு வருஷம் சோறு ஊட்டுனதும் அவங்கதான், நான் வீடியோ கால்ல "அப்பா சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டவ. ஆபீஸ்ல இருந்து எரிச்சலோட வந்து உக்காந்தா, கோப்பிய வச்சுட்டு, "பாப்பா, இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டுனது என் தோடு, ஒங்கப்பா சொல்லலியா"ன்னாங்க. சொல்லல. "எனக்கு எழுதிக் குடுத்துருங்க, செத்தப்புறம் நீங்களே எடுத்துக்குங்க." நான் சட்டம் பேசுனேன். 1958ஆம் வருஷத்துப் பங்கீட்டுச் சட்டப்படி புள்ளைங்க இருக்கும்போது கூடப்பொறந்தவங்களுக்குப் பங்கு கெடையாது அத்தைன்னு, போன்ல தேடி எடுத்து, வருஷத்தோட சொன்னேன். அவங்க கேட்டுட்டு, "அடகுக் கடைச் சீட்டு இருக்கு, காட்டவா"ன்னாங்க. மேல்தட்டுல இருந்து ஒரு மைலோ டின்ன எடுத்து, மடிச்சு மடிச்சு பழுத்துப் போன ஒரு தாள விரிச்சாங்க. எழுத்தே தெரியல, ஒரு சாப் மட்டும் வட்டமா நீலமா இருந்துச்சு. நான் எல்லா ஆபீஸ்லயும் சாப்புக்குத்தான் அலைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

சொந்தக்காரங்க கேக்குறதுக்கு எல்லாம் 'பார்க்கலாம்'னு சொல்லிட்டு வந்துருங்கன்னு நெறைய பேரு அறிவுரை சொல்றாங்க. நானும் அதத்தான் சொன்னேன். சொல்லிட்டு வந்து ராத்திரி தூக்கம் வருதான்னு பாருங்க.

ஊருக்கு வருவோம். இருந்த ஒன்றரைப் பகல்ல சாப்பிட்டது: வாழையிலையில மடிச்ச நாசி லெமாக் ரெண்டு (ஒண்ணு வாங்காதீங்க, கையளவுதான் இருக்கும்), ரொட்டி சானாய் பருப்புச் சாம்பாரோட, சாயங்காலம் ரோட்டோரம் ஒரு சீன அங்கிள் வார்த்த அப்பம் பாலிக், கடலை போட்டது. நான் போனது திங்கக்கிழம, பாதிக் கடை பூட்டு, அதனால வார நடுவுல போறவங்க காலைலயே பசியாறிக்குங்க, ராத்திரிக்குன்னு தள்ளிப் போடாதீங்க, இந்த ஊரு சீக்கிரம் படுத்துடும். தஞ்சோங் மாலிம் பக்கந்தான், அங்க பாவ் பேரு போனது, திரும்புறப்ப வாங்கலாம்.

சிலிங் அருவிக்குப் போற ஆசை இருந்தா அன்னிக்குத் தெறந்திருக்கான்னு உறுதிப்படுத்திட்டுப் போங்க, கெலா மீன் பாதுகாக்குற எடம் அது, எல்லா நாளும் விட மாட்டாங்க. ஆத்தப் பல தடவை குறுக்க கடக்கணும். தலைக்கு மேல வெயில் அடிக்கும், மலை மேல மழை கொட்டியிருக்கும், தண்ணி செவரு மாதிரி வரும், கெபாலா ஆயர்னு சொல்வாங்களே அது. மத்தியானத்துக்கு முன்னாடி வெளிய வந்துருங்க. அட்டை கடிச்சா புடுங்காதீங்க, உப்பும் போடாதீங்க, நகத்தால மெல்ல நெம்பி எடுங்க. ஃபிரேசர் மலைக்கு இங்க இருந்து ஏறணும், வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, 1951 அக்டோபர் 6ல அப்ப இருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னிய கம்யூனிஸ்டுங்க சுட்டது அந்த வழியிலதான். பெட்ரோல கீழயே ஊத்திக்குங்க. வழியில சிலாங்கூர் அணை வரும், அதுக்காக தெமுவான் பூர்வகுடிங்கள எடம் மாத்துனாங்க, எல்லாரும் நின்னு போட்டோ எடுக்குறாங்க, நானும் எடுத்தேன்.

எங்க தோட்டத்துக்குப் போகலாமான்னு கேட்டா, போங்க, ஆனா லயத்தத் தேடாதீங்க. எல்லாம் செம்பனை. செம்பனைக்குள்ள வெளிச்சம் வேற மாதிரி இருக்கும், பால்மரத்துல மாதிரி கோடு கோடா விழாது. முனியாண்டி கோயில் மட்டும் ஒரு வளைவுல இருக்கு, யாரோ புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, சூலத்துல எலுமிச்சம்பழம் காயாம இருந்துச்சு. பலகையில சாமி பேர ரூமில எழுதியிருந்தாங்க. 'ஒய்' இருந்துச்சு. அப்பாவுக்குப் பேரு வச்சதே இந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டுத்தான். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்புனேன், இதையும் சத்தியப் பிரமாணத்துல சேர்த்துக்கலாமான்னு பதில் போட்டா. இன்னமும் தோட்டத்துலயே இருக்குறவங்களுக்கு வீடு கெடைக்காத கதை தனி. 2024ல இங்க இடைத்தேர்தல் வந்தப்ப அது கொஞ்ச நாள் பேப்பர்ல அடிபட்டுச்சு.

டிடிஏ பாரம் இப்ப என் சமையக்கட்டு மேசையில இருக்கு. அக்கா தெனம் வாட்சப்ல கேக்குறா. என் பங்க யாருக்குன்னு நான் இன்னும் அவளுக்குச் சொல்லல, சொன்னா சண்டை வரும், வரட்டும்.

திரும்புறப்ப ஒரு விஷயம். அத்தை வெள்ளன எழுந்து அச்சு முறுக்கு சுட்டு மைலோ டின்னுல போட்டுக் குடுத்தாங்க, வேற டின்னு, பழைய சீட்டு இருந்தது இல்ல. கூடவே வாசல் செடியில கருவேப்பிலை ஒடிச்சு ஈரத்துணியில சுத்தி வச்சிருக்காங்க, எனக்குத் தெரியாது. மெல்பர்ன்ல எறங்குனா சாப்பாட்டுச் சாமான் இருக்குன்னு அட்டையில மறைக்காம டிக் பண்ணிருங்க, நான் பண்ணியிருந்ததால தப்பிச்சேன். முறுக்கத் தட்டிப் பார்த்துட்டுக் குடுத்துட்டாங்க. கருவேப்பிலைய எடுத்துக்கிட்டாங்க. துணிய மட்டும் கேட்டு வாங்குனேன்.